அம்மா பேசிய வருடம்

அத்தியாயம் 11

"முந்நூறு புஸ்தகத்தையும் பிரிச்சுக் கொட்டு!"

பைண்டிங் கூடத்தில் பெரியவளின் குரல் எழுந்ததும் தையல் மெஷின் இரண்டும் நின்றன. பசை வாளியோடு உள்ளே வந்த பெண், வந்த வழியே திரும்பிப் போனாள்.

"அறுபத்துநாலாம் பக்கத்துல அவன் காதலைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு நிக்கிறான். அடுத்த பக்கம் எண்பத்தொண்ணு. அதுல அவன் பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது! நடுவுல ஒரு ஃபாரத்தையே காணோம், பதினாறு பக்கம். அடுக்கும்போது கண்ணை எங்கே வெச்சிருந்தீங்க?"

சிரிப்பு வந்தவர்கள் அதை விழுங்கிக்கொண்டார்கள். எப்போதுமே அவளுக்கு மூக்கின் மேல் கோபம். இன்று அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. காரணம் அந்தப் பதினாறு பக்கம் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா.

"ஒரு மாசமா கேக்கறேன். அம்மா பேசற வீடியோ ஏதாவது கொண்டு வாங்கன்னு. இன்னிக்குச் சாயங்காலமாவது வருமா?"

"வரும் மேடம்."

"கோவிச்சுக்காதீங்க. பேச்சு திரும்பணும்னா இந்த முதல் சில மாசம்தான் முக்கியம். அவங்க சொந்தக் குரலையே அவங்க கேக்கட்டும். தினம் வாயில புழங்கின வார்த்தைங்க, வீட்டுல கூப்பிட்ட பேருங்க... அதுலேர்ந்து ஏதாவது ஒண்ணு கிளம்பி வரலாம். சும்மா போட்டோவைக் காட்டி என்ன பிரயோஜனம்?"

பெரியவள் போனை வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதலாளியிடம் "வீட்டுக்குப் போறேன்" என்றாள். அனுமதி கேட்ட மாதிரி இல்லை, அறிவித்த மாதிரி இருந்தது. அவர் தலையாட்டினார்.

*

அம்மா விழுந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பஸ் நிலையத்தில் முப்பது வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்ன வாய் அது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்னவளிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். "இல்ல." பசிக்கிறதா என்றாலும் "இல்ல", தண்ணீர் கொடுத்து வாங்கிக் குடித்த பிறகும் "இல்ல."

அந்தக் குரல் பதிவாகியிருந்தது ஒரே ஒரு வருடம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம். புதுப் போன் வாங்கி, பேரன் உட்கார்ந்தால் ஒரு வீடியோ, எழுந்தால் ஒரு வீடியோ என்று எடுத்துத் தள்ளினாள். எல்லாவற்றிலும் பின்னாலிருந்து அவள் குரல், பழைய பஸ் நிலையப் பாணியிலேயே. அந்த வருடக் கடைசியில்தான் லிஃப்ட் விபத்து, விசாரணை, கடைசித் தங்கை சிட்டு வீட்டை விட்டுப் போனது எல்லாம். அதன் பிறகு அம்மா எதையும் படம் எடுக்கவில்லை.

அந்த வீடியோக்கள் எல்லாம் தம்பியின் 'பெட்டி'யில் இருந்தன. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, நாலு டிஸ்க் பொருத்தி, வீட்டிலிருந்த பாட்டு, படம், போட்டோ, வீடியோ அத்தனையையும் அதில் ஏற்றி வைத்திருந்தான். ஹாலில் டி.வி.யைப் போட்டால் வருடவாரியாக வரிசையாக வரும். தொட்டால் ஓடும். வீட்டில் அவனுக்கு 'ஒயர்' என்று பெயர் விழுந்ததே இந்த வேலைகளால்தான்.

நேற்று மாலை பெரியவள் அந்த வரிசையை மேலும் கீழுமாக ஏழெட்டுத் தரம் தேடிவிட்டாள். முந்தின வருடம் இருந்தது. பிந்தின வருடம் இருந்தது. நடுவில் அம்மா பேசிய வருடத்தை மட்டும் காணோம்.

*

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொட்டை எடுத்து, மேல் தோலையும் நீக்கி, சுளை சுளையாக. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து கிரீஸ் படிந்து காய்த்துப்போன விரல்கள், இந்த வேலைக்கு மட்டும் பூப்போல ஆகிவிடும்.

"என்னம்மா இந்நேரத்துக்கு?"

"வீடியோ தேட வந்தேன். ஒயரையும் வரச் சொல்லியிருக்கேன்."

அப்பாவின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி உரித்தது.

"அதையே ஏன் பிடிச்சிட்டுத் தொங்கறே? பழைய டிஸ்க். அடிபட்டுப் போயிருக்கும். அம்மாவுக்கு நாமளே பேசிப் பேசிப் பழக்கிக்கலாம்."

"மூணு மாசமா நாம பேசிட்டுத்தானே இருக்கோம்? என்ன ஆச்சு?"

அப்பா அடுத்த ஆரஞ்சை எடுத்தார்.

வேலை பார்க்கும் கல்லூரி லேபிலிருந்து ஓடிவந்த தம்பி வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அதற்குள் பெரியவள் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நம்பித்தானேடா அம்மா போன்ல இருந்ததை எல்லாம் அதுல ஏத்தினோம்? அந்தப் போன் உடைஞ்சப்போ என்ன சொன்னே? 'கவலையே படாதே, பெட்டி பத்திரம்'னே. இன்னொரு காப்பி எடுத்து வெச்சியா?"

"எடுக்கணும்னுதான்க்கா இருந்தேன்..."

"இருந்தே! நீ இருந்தே, வீடியோ போச்சு!"

"போச்சுன்னு யார் சொன்னா? மொதல்ல என்னைப் பார்க்க விடு!" அவனுக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "எதுக்கெடுத்தாலும் நான்தான் கிடைச்சேன். கரண்டு போனாலும் நான், டி.வி. திக்கினாலும் நான்."

மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தான். அழித்தது எதுவும் கிடக்கிறதா என்று முதலில் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைப் பார்த்தான். காலி. டிஸ்க் நாலையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். ஒன்றிலும் பழுதில்லை. பெரியவள் அவன் தலைக்கு மேலேயே நின்றாள், வெட்டும் மெஷினுக்கு முன்னால் நிற்பதைப்போல.

பத்து நிமிடம் கழித்து அவன், "அக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை.

"இங்க பாரு. எதுவும் போகல. முந்நூத்திப் பதினோரு வீடியோ, அப்படியே இருக்கு. ஃபோல்டரும் இருந்த இடத்துலயேதான் இருக்கு. டி.வி. வரிசையிலதான் தெரியல."

"இருக்கிறது ஏன்டா தெரியல?"

"இந்தக் காலி ஃபைல் ஒண்ணு உள்ள கிடக்கு பாரு. இதுக்குள்ள ஒரு எழுத்துகூட இல்ல. ஆனா இந்தப் பேர்ல ஒரு ஃபைல் இருந்தா, பெட்டி அந்த ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது. தாண்டிப் போயிடும். லிஃப்ட் வாசல்ல 'பழுது, ஏறாதீர்'னு பலகை மாட்டி வைப்பாங்கல்ல, அந்த மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"அது தானா வருமா?"

"வராது. யாராவது வைக்கணும்."

"யாரு வெச்சா? எப்போ?"

தம்பி மடிக்கணினியை மூடப் பார்த்தான். பெரியவள் குனிந்து, அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"சொல்லுடா."

"பழைய பாட்டெல்லாம் தானே அடுக்கிக்கறேன்னு சொன்னாரேன்னு, போன வருஷம் அவருக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன். அப்போ இந்த வித்தையையும் காட்டிக் கொடுத்தேன். அந்தப் பேர்லதான் நுழைஞ்சிருக்கு." அவன் ஹால் பக்கம் பார்க்காமலே சொன்னான். "தேதி, போன மாசம் ரெண்டு."

போன மாதம் இரண்டாம் தேதி. பேச்சுப் பயிற்சிக்கு முதல் தடவை போன தேதி. டாக்டரம்மா வீடியோ கேட்ட அதே நாள்.

*

"அப்பா!"

அந்தக் கத்தலில் அம்மாவின் கையிலிருந்த சுளை மடியில் விழுந்தது.

"நீங்கதானா? அம்மா வாயில ஒரு வார்த்தை வராதான்னு நான் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கறேன். நீங்க மருந்தை எடுத்து ஒளிச்சு வெச்சிட்டு, பக்கத்துல உக்காந்து பழம் உரிச்சுக் கொடுக்கறீங்களா?"

"கத்தாதே. அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு ஒளிச்சீங்க?"

"என் வீடு, என் பொண்டாட்டி. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்!" அப்பா எழுந்துவிட்டார். தட்டிலிருந்த தோல் தரையெல்லாம் சிதறியது. "ஒயர், மூடி வைடா அதை!"

தம்பி மூடவில்லை. அந்தக் காலி ஃபைலை அழித்துவிட்டு, பெட்டியை மறுபடி தேடச் சொன்னான். டி.வி.யில் ஒரு சக்கரம் சுழன்றது. பிறகு, நடுவில் விடுபட்டிருந்த வருடம் வந்து வரிசையில் உட்கார்ந்தது. அதற்குள் மாதங்கள், மாதத்துக்குள் தேதிகள்.

பெரியவள் ரிமோட்டை எடுத்தாள். கண்ணில் முதலில் பட்ட தேதி அவளுக்கு மனப்பாடமான தேதி. அவள் இரண்டாவது குழந்தை பிறந்த நாள்.

"அதைப் போடாதே!"

அப்பாவின் குரல் அலறலாக வந்தது. முந்நூற்றுப் பதினொன்றில் அவர் தடுத்தது அந்த ஒன்றை மட்டும்தான்.

பெரியவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருடமாக இந்த வீட்டில் அவர் பெருமையாகச் சொல்லி வந்த ஒரு வாக்கியம் உண்டு. 'பேத்தி பொறந்த அன்னிக்குக்கூட நான் லீவு போடல. ஆறு மாடிக் கட்டடத்துல பிரேக் பார்த்துட்டிருந்தேன். காலையில பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும்.' அப்படித்தான் சோதனைத் தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாம் நாள் அந்த லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் விழுந்தது. அதை ஓட்டிய லிஃப்ட்காரருக்கு வலது கால் போனது.

விசாரணையில், அப்பா வேலை பார்த்த அதே லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடைக்குட்டி சிட்டு எழுந்து சொன்னாள்: 'அன்னிக்குப் பன்னண்டரைக்கு வீட்டுக்குப் போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார்.' அப்பா, பெண்ணுக்கு நாள் குழம்பிவிட்டது என்றார். அம்மாவைக் கேட்டார்கள். 'ஞாபகம் இல்ல' என்றாள். முடிவில், லிஃப்ட்காரர் கதவை வலுக்கட்டாயமாகத் திறந்ததுதான் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அன்று மாலை சிட்டுவின் கன்னத்தில் அறைந்தது பெரியவள்தான். 'பெத்த அப்பனையே காட்டிக் கொடுக்கற வாய் இந்த வீட்டுல சாப்பிடக் கூடாது' என்று பையை எடுத்து வாசலில் வைத்ததும் அவள்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்க இதே ஹால். இதே சோபா, அப்போது புது உறையோடு. தரையில் அப்பா நாலு காலில் தவழ்கிறார். அவர் முதுகில் இரண்டு வயதுப் பேரன், அவர் காதைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு.

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு, கணீரென்று.

"பயணிகள் கவனத்துக்கு! தாத்தா எக்ஸ்பிரஸ் இப்போது ஹாலிலிருந்து சமையலறைக்குப் புறப்படுகிறது. நேரம் பன்னிரண்டு இருபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் தங்கச்சிப் பாப்பா பிறந்து ஆறு மணி நேரம் ஆகிறது. பயணிகள் தாத்தாவின் முடியைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்..."

பேரன் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறான். மூலையில் போன் மணி அடிக்கிறது. அப்பா குழந்தையை இறக்கிவிட்டு, முழங்காலாலேயே நகர்ந்து போய் எடுக்கிறார்.

"என்ன சிட்டு? ... ஆமா, வீட்டுலதான் இருக்கேன். பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணாமா? ... அந்தத் தாளா? எழுதிக் கொடுத்துட்டேன்டா கண்ணு, ஒண்ணும் ஆகாது. நீ டைப் பண்ணி அனுப்பு."

வீடியோ நின்றது.

பெரியவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒண்ணை மட்டும் அழிக்கத்தான் உக்காந்தேன்" என்றார் அப்பா. திடீரென்று பத்து வயது கூடியவர்போல் இருந்தார். "அவ குரல் கேட்டுச்சு. கை வரல. அதான் மொத்தத்தையும் மறைச்சேன். அவ கொஞ்சம் தேறினதும் எடுத்து வெச்சிடலாம்னு..."

"எதைக் கேட்டுத் தேறுவா? நீங்க உரிச்ச ஆரஞ்சைத் தின்னா?" பெரியவளின் குரல் உடைந்தது. உடைந்தும் அடங்கவில்லை. "ஒருத்தருக்குக் கால் போச்சுப்பா. பழியையும் அவர் தலையிலயே கட்டிட்டு வந்தீங்க. உண்மையைச் சொன்னவளை நான் இந்தக் கையால அடிச்சேன். நீங்க அங்கதான் நின்னீங்க. பார்த்துட்டுதானே நின்னீங்க?"

"பென்ஷனுக்கு ஆறு மாசம் இருந்துச்சு. குடும்பம்..."

"குடும்பம்னு சொல்லாதீங்க! அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

அவள் அம்மாவிடம் போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்று மாதமும் அதைப் பார்த்தாலே பெரியவள் உருகிப்போவாள். இன்று உருகவில்லை.

"உனக்குத் தெரியுமாம்மா? கேமராவைப் பிடிச்சிருந்ததே நீதான். நேரத்தைச் சொன்னதும் நீதான். விசாரணையில ஞாபகம் இல்லைன்னு சொன்னப்போ, உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. தொண்டைக்குள் எதையோ மேட்டில் தள்ளி ஏற்றுவதுபோல் ஒரு முனகல்.

"ஆ... ஆமா."

"அக்கா!" தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா, அம்மா பேசிட்டா! வேற வார்த்தை வந்துடுச்சு!"

அப்பா இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று மாதமாக அந்த வீடே தவம் கிடந்த சொல். அது வந்த அழகைப் பார்த்து பெரியவளுக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுந்தாள். முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தாள்.

"ஒயர், இதை நாலு இடத்துல காப்பி எடு. இப்பவே. அவர் அந்த அலமாரிப் பக்கம் போகக் கூடாது."

"சரிக்கா."

"அஞ்சு மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு நீ போ. வேற வீடியோவைப் போட்டுக் காட்டு. இதை வேண்டாம்."

*

பின்வாசலில், துணி காயும் கொடிக்குக் கீழே நின்று போனை எடுத்தாள். சிட்டுவின் எண்ணை அவள் அழித்ததில்லை. தடை போட்டுத்தான் வைத்திருந்தாள், நாலு வருடமாக. தடையை நீக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்றா? அடித்த கையை வெட்டிப் போட்டாலும் தகும் என்றா? எதையும் முடிவு செய்வதற்குள் விரல் அழுத்திவிட்டது.

நாலாவது மணியில் எடுத்தாள்.

"நான்தான்" என்றாள் பெரியவள்.

"தெரியுது." சிட்டுவின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "வீடியோ கிடைச்சிடுச்சா?"

"உனக்கு... உனக்கு யார் சொன்னது?"

"அம்மாதான். விழறதுக்கு முந்தின நாள் போன் பண்ணினாங்க. 'பெட்டியில இருக்கு சிட்டு, நானே எடுத்துக் கொடுக்கறேன், நாளைக்கு வா'ன்னாங்க. மறுநாள் பஸ்ல பாதி வழியில இருக்கும்போது ஒயர் போன் பண்ணி, அம்மா விழுந்துட்டாங்கன்னு சொன்னான். நீ வாசல்ல நிப்பியேன்னு திரும்பிட்டேன்."

நீ வாசலில் நிற்பாயே. திட்டாமல், சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது அறையாக விழுந்தது.

"சிட்டு..."

"இரு அக்கா. என்னைச் சமாதானப்படுத்த இப்போ நேரமில்ல. எனக்கு அதுல ஒரு காப்பி வேணும். எனக்காக இல்ல." சிட்டு கொஞ்சம் தயங்கினாள். "நான் தனியா இல்ல. லிஃப்ட்காரர் பக்கத்துலதான் உக்காந்திருக்கார். மறுபடி விசாரிக்கணும்னு மனு எழுதிட்டிருக்கோம். அதுல அப்பா பேரும் இருக்கும், அம்மா பேரும் இருக்கும். அவர்கிட்ட பேசறியா?"

உள்ளே ஹாலில் அம்மாவின் பழைய குரல் எந்த வண்டியையோ அறிவித்துக்கொண்டிருந்தது. தம்பி வேறொரு வீடியோவை ஓட்டிப் பார்க்கிறான் போலிருக்கிறது. அதற்கு நடுவே, தரையில் சிதறிய தோலை அப்பா பெருக்கும் சத்தம்.

பெரியவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"குடு" என்றாள்.

மறுமுனையில் போன் கைமாறியது. ஒரு வயதான மனிதர் தொண்டையைச் செருமினார்.